அமெரிக்காவின் பஃபலோவில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

நேற்று போனில், "ஒரு அடி பனிதான் விழுமாம்ப்பா, இங்க எல்லாருக்கும் பழக்கம்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். நம் பினாங்கில் கொடிமலை ஏறினாலே ஸ்வெட்டர் தேடுகிற நான் பனியைப் பற்றி என்ன சொல்வது? ஆனாலும் அந்தப் 'பழக்கம்' என்ற வார்த்தை ராத்திரி தூங்கவிடவில்லை.

நீ அங்கே போனதிலிருந்து உன் ஊர்ப் பனியைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். 1977 ஜனவரியில் வந்த புயலில் புதிதாக விழுந்தது ஏறக்குறைய ஒரு அடிதான், நீ சொன்ன அதே ஒரு அடி. ஆனால் ஊரை ஒட்டியிருக்கும் ஈரி ஏரி டிசம்பரிலேயே உறைந்து, அதன்மேல் வாரக்கணக்கில் பொடிப் பனி கிடந்தது. காற்று அதை அள்ளிக்கொண்டு வந்து ஊருக்குள் கொட்டியது. புதைந்த கார்களுக்குள்ளேயே இறந்தவர்கள் உண்டு.

2022 கிறிஸ்துமஸ் புயல் வேறு மாதிரி. அப்போது ஏரி உறையவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர்மேல் கடுங்குளிர்க் காற்று வந்து ஈரத்தை உறிஞ்சி, நாலு நாளில் நாலடிக்கு மேல் பனியாகக் கொட்டியது. நாற்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். உதவிக்குப் போன ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியுமே சிக்கிக்கொண்டன. அவ்வளவு பனி பார்த்த ஊரிலேயே!

பழக்கமே இல்லாத ஊர் அட்லாண்டா. 2014 ஜனவரியில் அங்கே விழுந்தது இரண்டு மூன்று அங்குலம். எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பினார்கள், ரோடு கண்ணாடியாக உறைந்துவிட்டது. பெரியவர்கள் காரிலும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலுமாக ராத்திரியைக் கழித்தார்கள். நியூயார்க்கில் 1888 மார்ச்சில் வந்த பனிப்புயலும் அப்படித்தான், திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பியவர்கள் நடுவழியில் மாட்டினார்கள். தந்திக் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் வலுத்ததே அதற்கப்புறம்தானாம்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். பினாங்கில் வெள்ளம் வந்த 2017 நவம்பர் 4 ராத்திரி உனக்கு நினைவிருக்கும். ஜாலான் பி. ரம்லி பக்கம் முழங்கால் தண்ணீர் நமக்கென்ன புதுசா? காரை மேட்டில் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று இறங்கினேன். கடல் ஏறியிருந்ததால் பினாங்கு ஆற்றுத் தண்ணீர் வடிய வழியில்லை, அது எனக்குத் தோன்றவே இல்லை. தெருமுனை போவதற்குள் மார்பளவு. பக்கத்து வீட்டு அப்பெக், அந்தச் சீனப் பெரியவர், கேட்டைப் பிடித்தபடி கையை நீட்டியிராவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. அம்மாவுக்கே அடுத்த வருடம்தான் தெரியும், தெரிந்த அன்று வாங்கிய திட்டு தனிக் கதை.

அதனால் எத்தனை அடி விழும் என்பதோடு நிற்காதே. காற்று எப்படி, ஏரி உறைந்திருக்கிறதா என்றும் கேள். வண்டி ஓட்டக்கூடாது என்று அறிவித்தால் பால் வாங்கக்கூடக் கிளம்பாதே. அதற்கு முன்பே வழியில் மாட்டிக்கொண்டால் காரைவிட்டு இறங்கி நடக்காதே. புகைக்குழாயில் அடைத்த பனியைத் தள்ளிவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, எஞ்சினை அவ்வப்போது மட்டும் கொஞ்ச நேரம் போடு. குழாய் அடைத்தால் வண்டிக்குள் சேரும் விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.

அம்மா சாம்பார்ப் பொடியும் நெத்திலியும் அனுப்பியிருக்கிறாள். பனி விழுகிற நாளில் பார்சல் வந்ததாகத் தகவல் வந்தால், போய் எடுக்காதே. நெத்திலி கெட்டுப்போகாது.

அன்புடன்,
அப்பா