கயானா கட்டுரையில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கயானா பயணக் கட்டுரையைப் படித்துவிட்டு எங்கள் மலையேற்றக் குழுவில் ஒரே பரபரப்பு. சதுரகிரி, மேகமலை என்று சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது தென் அமெரிக்காவுக்குக் கணக்குப் போடுகிறார்கள். போகட்டும், நல்லதுதான். கயேட்டூர் அருவி 226 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாக விழுகிறது, நாட்டில் ஐந்தில் நாலு பங்கு காடு, தமிழ்நாட்டைவிடப் பெரிய அந்த நாட்டில் மதுரை மாநகராட்சி அளவுக்குக்கூட ஜனம் இல்லை, அப்புறம் ஆசை வராமல் எப்படி இருக்கும்? ஆனால் படமும் பேக்கேஜ் விலையும் போட்ட கட்டுரையில், கிளம்புகிறவனுக்கு வேண்டிய தகவல் ஒன்றுகூட இல்லை.

முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அந்தச் சான்றிதழ் இல்லாமல் கயானாவிலிருந்து நேரே திரும்பி வந்து இறங்கினால், ஆறு நாள் வரை நம் ஊர் அதிகாரிகளே தனியாக அடைத்து வைப்பார்கள். நோய் இந்தியாவில் இல்லை, ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு, அதுதான் டெங்கு கொசு, தெருவுக்குத் தெரு இருக்கிறது. கெடுபிடி அதனால்தான். எங்கள் பையன் ஒருவன் இங்கே ஒரு டிராவல்ஸில் போய்க் கேட்டதற்கு, "அதெல்லாம் ஏர்போர்ட்லயே போட்டுக்கலாம் தம்பி, முதல்ல டிக்கெட்டுக்கு அட்வான்ஸ் கட்டுங்க" என்றாராம். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழே செல்லும், ஏர்போர்ட்டில் போட்டு என்ன பிரயோஜனம்? நமக்குக் கிட்டத்தில் தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம் இருக்கிறது, முன்னாடியே கேட்டு நாள் வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டோடு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் ஒரே நாளில் முடித்துவிட்டு வந்துவிடலாம். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும், 2016-லிருந்து அப்படித்தான். அறுபது வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள். மலேரியாவுக்கு இந்த ஊசி உதவாது. உள்காட்டில் அது உண்டு, மாத்திரை தனி.

அடுத்து, மே மாத விடுமுறைக்குத் தோதான இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். மே முதல் ஆகஸ்ட் பாதி வரை அங்கே பெருமழைக் காலம். லிண்டன் என்ற ஊரிலிருந்து லெத்தம் என்ற ஊருக்குப் போகும் சாலையில் செம்மண் பகுதிகள் சேறாகிவிடும், நடுவில் எசெக்கிபோ ஆற்றை வண்டியோடு படகில்தான் கடக்கவேண்டும். அருவிக்குப் போவது சின்ன விமானம், மேகம் இறங்கினால் அதுவும் கிளம்பாது. மழையில் அருவி பொங்கி நிற்பதென்னவோ நிஜம், ஆனால் தலைநகர் ஜார்ஜ்டவுன் ஓட்டலில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிப் பார்ப்பது? செப்டம்பர், அக்டோபர் என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. அமெரிக்கா வழியாக டிக்கெட் போட்டால், சும்மா விமானம் மாறுவதற்கும் அவர்கள் விசா வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இதையெல்லாம் விட முக்கியம், காட்டுக்குள் ஒருவனுக்குக் கால் உடைந்தால் யார் தூக்கிவருவது என்பது. 2018 மார்ச்சில் மலையேறப் போய்க் குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கியவர்களில் பலரை மதுரை அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள், பார்த்தவர்களுக்கு மறக்காது. பக்கத்துத் தேனி மாவட்டத்திலேயே அந்தப் பாடு. கயானாவில் காட்டுக்குள்ளிருந்து விமானத்தில்தான் எடுத்துவரவேண்டியிருக்கும், அந்தச் செலவை ஏற்கிற இன்சூரன்ஸ் இல்லாமல் கிளம்பக்கூடாது என்று ஒரு வரி போட்டிருந்தால் என்ன?

நம் ஆட்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன நாடு அது, இன்றைக்கும் மாரியம்மன் கோயில் இருக்கிறது, 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவர் பெயர் மோசஸ் நாகமுத்து. அதையும் காணோம், சரி விடுங்கள்.

கட்டுரைக்குக் கீழே அரைப் பக்கத்துக்கு டூர் விளம்பரம் வந்திருந்தது. அதில் கால்வாசி இடத்தைக் கொடுத்தாலே இவ்வளவும் அடங்கிவிடும்.

– வாசகர், கே.புதூர், மதுரை