தடுப்பூசிக்கு அப்புறம் நியுமோகாக்கஸ் கிருமிய கண்காணிக்கணும்: பொது சுகாதார இயக்குநருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: மைக்ரோபயாலஜி லேப் டெக்னீசியன், விழுப்புரம் மாவட்டம்

பெறுநர்: இயக்குநர் அவர்கள், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை, தேனாம்பேட்டை, சென்னை

பொருள்: நிமோனியா, மூளைக்காய்ச்சல் வரவைக்கிற நியுமோகாக்கஸ் கிருமிக்கு எந்த ஆன்டிபயாடிக் கேக்குது, எந்த டைப் பரவுதுன்னு மாவட்ட அளவுல பாக்க ஏற்பாடு செய்யக் கோருவது சம்பந்தமா

ஐயா வணக்கம்,

மொதல்லயே சொல்லிடறேன், இது தடுப்பூசிக்கு எதிரான மனு கிடையாது. பிரைவேட்ல ஆயிரக்கணக்குல செலவாகுற, இந்த கிருமிய தடுக்கிற பிசிவி ஊசிய 2021-லேர்ந்து நம்ம பிஎச்சி-ல 6 வாரம், 14 வாரம், 9 மாசம்னு இலவசமா போடறாங்க, அது பெரிய விஷயம், யாராவது இந்த மனுவ காட்டி ஊசி வேணாம்னு சொன்னா நம்பாதீங்க.

ஆனா இந்த கிருமில 100 டைப்புக்கு மேல இருக்கு, ஊசி தடுக்கிறது அதுல பத்து, இருபது டைப்பத்தான். அமெரிக்காவுல 2000-ல 7 டைப் ஊசி வந்துச்சு, அந்த ஏழுல மருந்துக்கு அடங்காத டைப் நிறைய இருந்ததால ஆரம்பத்துல ரெசிஸ்டன்ஸும் சேந்தே கொறஞ்சுது, எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. அப்புறம் ஊசில இல்லாத 19ஏ-ங்கிற டைப் அந்த காலி எடத்த புடிச்சுது, அதுவும் பல மருந்துக்கு அடங்காததா. அமெரிக்காவுல ராசெஸ்டர்ங்கிற ஊர்ல காது சீழ் வந்த குழந்தைங்க கிட்ட எடுத்த 19ஏ, குழந்தை காது நோய்க்கு அங்க அனுமதிச்ச எந்த மருந்துக்கும் கேக்கலன்னு 2007-ல எழுதுனாங்க. 2010-ல 13 டைப் ஊசில 19ஏ-வ சேத்த பிறகுதான் அடங்குச்சு. அவங்க தொடர்ந்து டைப் பாத்துட்டே இருந்ததாலதான் எத சேக்கணும்னு தெரிஞ்சுது. நம்ம நாட்டுலயே தயாரிக்கிற நியுமோசில்ங்கிற பிசிவி ஊசில 19ஏ இருக்கு, சரி, அடுத்து கிளம்பப் போறது எதுன்னு நம்ம மாவட்டத்துல யாரு பாக்கறா?

உண்மைய சொல்லணும்னா எங்க கைக்கு கிருமியே வர்றதில்லங்க ஐயா. குழந்தைக்கு காய்ச்சல், மூச்சு இழுக்குதுன்னா மொதல்ல மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாமயே அசித்ரோமைசின் சிரப், ரெண்டு நாள் கழிச்சு செஃபிக்சிம், அதுக்கப்புறம் ஆஸ்பத்திரில ஊசி ஒண்ணு போட்டுட்டு கடைசியா ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு, அதாவது கிருமிய வளத்து பாக்க, எங்களுக்கு அனுப்புவாங்க, இத்தன மருந்து போன பிறகு கல்ச்சர் பாட்டில்ல என்ன வளரும்? "நோ குரோத்"னு ரிப்போர்ட் அடிச்சு குடுக்கறதுதான் எங்க வேலை. செஃபிக்சிம் ஷெட்யூல் எச்1 மருந்து (டாக்டர் சீட்டு இருந்தாத்தான் விக்கணும்ங்கிற பட்டியல்ல இருக்கு), 2014-லேர்ந்து தனி ரெஜிஸ்டர்ல எழுதி விக்கணும்னு சட்டம் இருக்கு, அந்த ரெஜிஸ்டர ஒரு தடவ தெறந்து பாக்க சொல்லுங்க.

தப்பித்தவறி வளந்தாலும் சிக்கல்தான். ஆட்டு ரத்தம் கலந்த ப்ளேட்ல இது சின்னச் சின்னதா, நடுவுல குழி விழுந்து கேரம் காயின் மாதிரி நிக்கும், ஆப்டோசின்ங்கிற மருந்து ஊறின சின்ன டிஸ்க் வச்சா அத சுத்தி வளராது, கண்டுபிடிச்சிடலாம். ஆனா பல சின்ன லேப்ல காலாவதியான மனுஷ ரத்தத்த ஊத்தி ப்ளேட் செய்யறாங்க, அதுல இந்த கிருமி ஒழுங்கா வர்றதில்ல. கால்நடைக்குன்னு தனி பல்கலைக்கழகமே வச்சிருக்கிற மாநிலத்துல ஆட்டு ரத்தத்துக்கா பஞ்சம்? இன்னொண்ணு, ஆக்ஸாசிலின் மருந்து டிஸ்க் சுத்தி கிருமி வளராத வட்டம் 20 மில்லிமீட்டருக்கு கீழ வந்தா பெனிசிலின் எம்ஐசி (கிருமி வளராம நிறுத்த தேவையான கொறஞ்ச மருந்து அளவு) பாத்துதான் முடிவு சொல்லணும், மூளைக்காய்ச்சலுக்கு ஒரு அளவு, நிமோனியாவுக்கு வேற அளவு. எம்ஐசி ஸ்ட்ரிப் வாங்க காசில்லாம நேரா "ரெசிஸ்டன்ட்" (மருந்துக்கு அடங்காது)னு எழுதிடறாங்க, டாக்டரும் பெரிய மருந்துக்கு தாவிடறாரு.

அதனால அரசு மருத்துவமனைல நிமோனியா, மூளைக்காய்ச்சல்னு சேர்ற குழந்தைக்கு, வைத்தியம் தாமதமாகாம, மொத ஆன்டிபயாடிக் டோஸுக்கு முன்னாடியே ரத்த கல்ச்சர் எடுக்கணும்னு ஆர்டர் போடணும். ஆட்டு ரத்த ப்ளேட்டும் எம்ஐசி ஸ்ட்ரிப்பும் மருத்துவப் பணிகள் கழகம் மூலமா மாவட்ட லேபுக்கு வரணும். வளர்ற கிருமிய தூக்கிப் போடாம மைனஸ் 70 டிகிரி ஃப்ரீசர்ல வச்சு டைப் பாக்க அனுப்பணும், வேலூர் சிஎம்சி-ல இந்த வேலைய பல வருஷமா செய்யறாங்க, அவங்களோட பேசி ஏற்பாடு பண்ணலாம். வர்ற ரிசல்ட்ட வருஷா வருஷம் மாவட்ட வாரியா வெளியிடுங்க. சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் விக்கிறத பத்தி மருந்து கட்டுப்பாட்டு துறைக்கும் ஒரு கடிதம் போடுங்க.

இதெல்லாம் நடக்க நாளாகும்னா, எங்க மாதிரி சின்ன லேப்ல வளர்றத எங்க அனுப்பணும்னு ஒரு முகவரியும் ஃபாரமும் மட்டும் இப்பவே குடுங்க, கூரியர் செலவ நாங்களே பாத்துக்கறோம்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீசியன்