கடற்கரையைத் துப்புரவாக்கும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரையில் நீங்கள் செய்யும் சிரமதானத்தைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வெயிலையும் பாராமல் போத்தலும் பொலித்தீனும் பொறுக்குகிறீர்கள். மனமார்ந்த நன்றி.

போன முறை நீங்கள் கட்டி வைத்த மூட்டை ஒன்றை அவிழ்த்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் இராவணன் மீசை என்கிற கடற்கரைப் புல்லின் முள்ளுருண்டைகள். கூடவே வேரோடு இழுத்த அடும்பங்கொடி. காலில் குத்துகிறது, குப்பை போலக் கிடக்கிறது என்று அள்ளியிருப்பீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

இராவணன் மீசையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. அந்த உருண்டை பெண் செடியின் காய்க்கொத்து. முற்றியதும் கழன்று, கச்சான் காற்றில் முள்நுனிகளை ஊன்றி ஊன்றி மணலில் உருண்டோடும். சின்ன வயதில் நாங்கள் துரத்துவோம், லேசில் பிடிபடாது. போகிற வழியில் விதை உதிரும். சிக்கிய இடத்தில் மணல் மூடினால் முளைக்கும்.

அடும்பு, விதை பரவக் கடல்நீரை நம்பிய கொடி. இலை மான் குளம்பு போலப் பிளந்திருக்கும். கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான்களின் தடத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. காய்ந்த காயை உடைத்தால் பட்டாணி அளவில் நாலு விதை, பழுப்பு வெல்வெட் போர்த்தியது போல. உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் மிதந்தாலும் உயிர் போகாது. தோல் அவ்வளவு கெட்டி. அதில் கீறல் விழுந்து தண்ணீர் இறங்கினால்தான் முளை வரும்.

வெறும் மணலில் முதலில் வேரூன்றுபவை இந்த இரண்டும்தான். கணுவுக்குக் கணு வேர்விட்டு, பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்கும். அப்புறம்தான் தாழையும் மற்றதும் வரும். மாரியில் கடல் ஏறும்போது கரைக்குக் காவல் அந்த மேடு. பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) போட்டு மட்டமாக்கிய ஒரு துண்டுக் கரையில், மாரி முடிந்து போனபோது இடுப்பளவு வெட்டு விழுந்திருந்ததைக் கண்டேன். பக்கத்தில் அடும்பு படர்ந்த இடம் அப்படியே இருந்தது.

கொடிக்குள் பொலித்தீன் சிக்கியிருந்தால் கொடியை மெல்லத் தூக்கி, அதை மட்டும் எடுங்கள். ஆட்கள் குளிக்க இறங்கும் வழியில் கிடக்கும் உருண்டைகளை எடுக்கத்தான் வேண்டும், சரி. எரிக்காமல் மேட்டுப் பக்கம் போட்டுவிடுங்கள். அடுத்த சிரமதானத்துக்கு நானும் வருகிறேன். எது எந்தச் செடி என்று மணலில் நின்றே காட்டுகிறேன்.

அன்புடன்,
உப்புவெளியிலிருந்து ஓர் அக்கா