ரோலின் கடைசி ஃபிரேம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "வெள்ளைச் சுவர் இவ்வளவு வெள்ளையா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு முறை படித்தேன். கண்ணில் வெளிச்சம் கூசுவது நிற்கும்வரை அவசரப்படாதே. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு.

அதே கடிதத்தின் கடைசியில் அப்பாவின் பெட்டியைத் திறந்ததாகவும், ஆல்பங்களை ஸ்கேன் செய்து பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டு நெகடிவ்களைத் தூக்கிப் போட்டுவிடப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். "அதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறாய். மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு நான் இன்று எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான். போடாதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது போடாதே.

போன வருடம் எங்கள் வீட்டில் நானும் இதே வேலையை ஆரம்பித்தேன். நானும் ஆல்பத்திலிருந்துதான் தொடங்கினேன். எல்லாருக்கும் அதுதான் தோன்றும், ஆல்பம் கையில் கிடைக்கிறது, பார்த்தவுடன் முகம் தெரிகிறது. நாலைந்து மாதம் மாலை நேரங்களில் பிரிண்ட்களாகவே ஸ்கேன் செய்தேன். சாதாரண மேசை ஸ்கேனர்தான். 600 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி, வைத்துக்கொண்டேன். 4க்கு 6 அங்குலப் படம் அந்த அளவில் 2400க்கு 3600 பிக்சல் வரும், தாராளமாகப் போதும். 1200 வைத்தும் பார்த்தேன். ஃபைல்தான் நாலு மடங்கு பெருத்தது, படத்தில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை, தாளின் சொரசொரப்புதான் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் ரொம்பச் சின்னப் படங்கள், பாஸ்போர்ட் அளவு முகங்கள் இருந்தால் அவற்றுக்கு மட்டும் 1200 வை.

பசை தடவிய அட்டையில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாளை மூடுவார்களே, அந்த ஆல்பம் உங்கள் வீட்டிலும் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதில் இருப்பவற்றைப் பிய்த்து எடுக்காதே. அந்தப் பசை வருடக் கணக்கில் இறுகிப்போயிருக்கும், இழுத்தால் படம் மடிந்து மேல் பூச்சு வெடித்துவிடும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூல் இருக்கிறதல்லவா, அதைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, அறுப்பதுபோல் மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் கழன்று வரும். வரவில்லையென்றால் விட்டுவிடு, பக்கத்தோடு அப்படியே ஸ்கேனரில் வைத்து எடு. ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தையும் கண்ணாடியோடு சேர்த்தே எடு. நான் ஒரு படத்தைப் பிரிக்கப் போய், பாட்டியின் கன்னம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அந்த முகத்துக்கு வேறு பிரதி இல்லை. இன்னும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, நெகடிவுக்கு வருகிறேன்.

பிரிண்ட்கள் முடிந்த பிறகு, ஒரு தகர டப்பாவில் பட்டை பட்டையாக நெகடிவ்கள் இருப்பதைப் பார்த்தேன். 61 ரோல். ஒவ்வொரு ரோலும் அது வந்த காகித உறையிலேயே இருந்தது. ஸ்கேனர் மூடியிலேயே விளக்கு இருந்தால்தான் நெகடிவை எடுக்க முடியும், ஏனென்றால் வெளிச்சம் அதன் ஊடாகப் போக வேண்டும். அப்படி ஒன்றை நண்பர் வீட்டிலிருந்து இரவல் வாங்கினேன். முதல் பட்டையை வைத்து, திரையில் நிறங்கள் திரும்பி முகங்கள் வந்தபோது, ஆல்பத்தில் ஏற்கனவே இருக்கும் படம்தானே என்று அசட்டையாகத்தான் பார்த்தேன். ஆனால் அது அதே படம் இல்லை. ஆல்பத்தில் தம்பி மட்டும் சைக்கிளோடு நிற்பான். நெகடிவில், இடது ஓரத்தில், சைக்கிளின் பின் சீட்டைப் பிடித்திருக்கும் ஒரு கை. அம்மாவின் கை.

காரணம் எளிது. ஃபிலிமில் படம் 24க்கு 36 மில்லிமீட்டர், அதாவது இரண்டுக்கு மூன்று. அந்தக் காலத்தில் நாம் போட்ட 3.5க்கு 5 அங்குலத் தாள் அந்த விகிதத்தில் இல்லை. தாளை நிரப்பப் பெரிதாக்கும்போது நீள வாக்கில் ஓரங்கள் வெளியே போய்விடும். அந்த ஓரத்தில்தான் எங்கள் அம்மா நின்றிருக்கிறாள்.

அதைவிடப் பெரிய விஷயம் வேறு. எங்கள் அப்பா கழுவி வந்த பட்டைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வேண்டிய எண்களை மட்டும் துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுப்பார். அவற்றைத்தான் பிரிண்ட் போடுவார்கள். 36 படத்தில் பன்னிரண்டோ பதினைந்தோ ஆல்பத்துக்கு வரும். மீதியை யாரும் பார்த்ததே இல்லை. அந்த மீதியில்தான் எங்கள் வீடு இருந்தது. அலங்காரம் முடியாமல் பாதிப் பின்னலோடு அக்கா. ஜன்னல் கம்பியில் காயும் துணி. யாரோ கண் மூடியிருக்கிறார்கள், யாரோ கோபமாகத் திரும்பிக்கொள்கிறார்கள். ஆல்பத்தில் எல்லாரும் நேராக நின்று சிரிக்கிறோம். நாம் வாழ்ந்தது அப்படி மட்டுமா?

ரோல் முடியும் இடத்தை நீ அவசியம் பார்க்க வேண்டும். நெகடிவின் ஓரத்தில் துளைகளை ஒட்டி 1, 1ஏ, 2, 2ஏ என்று எண்கள் இருக்கும். எங்கள் ரோல்களில் 36, 36ஏ பக்கம் வந்ததும் திடீரென்று படம் சாய்ந்துவிடுகிறது, அல்லது தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, அல்லது ஆடிப் போயிருக்கிறது. அந்தப் படங்களில் இருப்பவர் அப்பா. எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. கழுவக் கொடுப்பதற்கு முன், ஒன்றிரண்டு படம் மிச்சம் இருந்தால், கேமராவை அம்மா கையில் கொடுத்து "நீ ஒண்ணு எடு, முடிச்சுடலாம்" என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குக் கேமரா பழக்கமில்லை. 61 ரோலில் 23 ரோலின் கடைசியில் அப்பா இருக்கிறார். வாசற்படியில், கிணற்றடியில், சட்டை போடாமல், ஒருமுறை கையை நீட்டி ஏதோ சொல்லிக்கொடுத்தபடி. பிரிண்ட் போட எண்களைக் குறிக்கும்போது அவரே தன்னை விட்டுவிட்டுக் குறித்திருக்கிறார். எங்கள் ஆல்பங்கள் மொத்தத்திலும் அவர் நான்கு படத்தில்தான் இருக்கிறார்.

உன் அப்பாவும்தான் எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர். அதனால்தான் சொல்கிறேன்.

இனி, செய்யும் முறை. ரோல்களைக் கலக்காதே, உறையிலிருந்து எடுக்கும்போது உறைக்கு ஒரு எண் கொடுத்து, பென்சிலால் எழுதிக்கொள். வரிசை தெரிந்தால்தான் எதற்குப் பின் எது என்று கதை தெரியும். பட்டையை ஓரங்களில் மட்டும் பிடி. ஒரு பக்கம் பளபளப்பாகவும் ஒரு பக்கம் மங்கலாகவும் இருக்கும், மங்கலான பக்கத்தில்தான் படம் உட்கார்ந்திருக்கிறது, அதைத் தொடவே கூடாது. ஓர எண்கள் உனக்கு நேராகப் படிக்க வந்தால் பளபளப்புப் பக்கம் உன்னைப் பார்க்கிறது என்று அர்த்தம். தூசியைத் துணியால் துடைக்காதே, லென்ஸுக்கு ஊதும் ரப்பர் பந்தால் ஊது. பூஞ்சை பிடித்திருந்தால் தண்ணீர் படக் கூடாது. படத்தைத் தாங்கும் ஜெலட்டினைப் பூஞ்சை அரித்திருக்கும், ஈரம் பட்டால் கரைந்து வழிந்துவிடும்.

35 மில்லிமீட்டர் நெகடிவுக்கு நான் 3200 டிபிஐ வைத்தேன். சுமார் 3000க்கு 4500 பிக்சல் கிடைக்கிறது. அதற்கு மேல் எத்தனையோ எண்களை ஸ்கேனர் பெட்டியில் போட்டிருப்பார்கள், மேசை ஸ்கேனர் லென்ஸால் உண்மையில் அவ்வளவு நுணுக்கம் பார்க்க முடியாது. தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் வடிவத்தில் சேமித்தேன், ஒரு படம் 40 எம்பி பக்கம் வரும். அனுப்புவதற்கு அதிலிருந்து ஜேபெக் எடுத்துக்கொள்ளலாம். ஒரு ரோலுக்கு ஒரு மாலை முழுவதும் போய்விடும், அதற்கு மனதைத் தயார்செய்துகொள்.

கலர் நெகடிவ் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. கெட்டுப்போனதல்ல, சாயங்களின் குறையைச் சரிக்கட்ட வேண்டுமென்றே வைத்த நிறம் அது. ஸ்கேனர் மென்பொருளே அதைக் கழித்துவிடும். தூசியையும் கீறலையும் அகச்சிவப்புக் கதிரால் கண்டுபிடித்து நீக்கும் வசதி இருந்தால் கலர் ஃபிலிமுக்குப் போட்டுக்கொள், அற்புதமாக வேலை செய்கிறது. கறுப்பு வெள்ளைக்கு மட்டும் அதை நிறுத்திவிடு. அதில் படம் வெள்ளித் துகளால் ஆனது, வெள்ளி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், ஸ்கேனர் முகத்தையே கீறல் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும்.

ஸ்லைடுகளும் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறாய். அட்டைச் சட்டத்தில் மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கிறதா பார். சிலவற்றில் இருக்கும். அது கழுவிய தேதி, எடுத்த தேதியல்ல, ஆனாலும் பெரிய உதவி. சட்டத்தில் கோடக்குரோம் என்று போட்டிருந்தால் நீ அதிர்ஷ்டசாலி. 1935இல் வந்து 2009இல் தயாரிப்பு நின்ற ஃபிலிம் அது. இருட்டில் வைத்திருந்தால் நிறம் அப்படியே நிற்கும். ஆனால் அதற்கும் அந்த அகச்சிவப்பு வசதி சரியாகப் பொருந்தாது. ஸ்லைடுகளை என் அக்கா மகன் கேமராவாலேயே எடுத்துக் கொடுத்தான். அடியில் ஒரு வெளிச்சப் பலகை, மேலே ஸ்டாண்டில் மிக அருகிலிருந்து எடுக்கும் மேக்ரோ லென்ஸோடு கேமரா, அறை விளக்கெல்லாம் அணைத்துவிட்டான். கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க ஸ்லைடு வைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்தான். லென்ஸின் பிம்பம் நடுவில் தெரிந்தால் நேராக இருக்கிறது. எவ்வளவு எளிதான வழி பார்!

டப்பாவைத் திறந்ததும் புளித்த வினிகர் வாடை வந்தால் அந்த ஃபிலிமை முதலில் ஸ்கேன் செய். ஃபிலிமின் அடித்தளமான அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம் அந்த வாடை, பிறகு அது சுருங்கி நெளிந்துபோகும். அதை மற்றவற்றோடு வைக்காதே, அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

அப்புறம், தேதி. ஸ்கேன் செய்த அன்றைய தேதியைத்தான் கணினி ஃபைலில் எழுதும். மாற்றாமல் விட்டால் உன் அம்மாவின் கல்யாணம் போன வாரம் நடந்ததாக வந்து நிற்கும். ஃபைல் பெயரில் வருடத்தை முதலில் போடு, மாதம் தெரியாவிட்டால் 00 போடு, பிறகு ரோல் எண், ஃபிரேம் எண். யார் எவர் என்ற குறிப்பைப் படத்தின் மெட்டாடேட்டாவிலேயே, அதாவது ஃபைலுக்குள்ளேயே இருக்கும் குறிப்புப் பகுதியில், எழுது, அப்போதுதான் படம் போகும் இடமெல்லாம் குறிப்பும் போகும். ஆனால் செய்தி அனுப்பும் செயலிகளில் படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், உள்ளே எழுதியதும் போய்விடும். பிள்ளைகளுக்கு அனுப்பும்போது ஃபைலாக அனுப்பு. படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் விழுந்திருக்கும் தேதியையும் நம்பிவிடாதே. எங்கள் கேமராவில் பேட்டரி மாற்றிய பிறகு யாரும் தேதியைச் சரிசெய்யவில்லை. 87 என்று போட்ட படத்தில் தம்பி கையில் மாவுக்கட்டு இருக்கிறது, அவன் விழுந்தது 1990இல்.

இதையெல்லாம் உறுதிசெய்தது அத்தைதான். 84 வயது. வாரம் ஒரு மாலை, பெரிய திரையில் ஒவ்வொரு ரோலாகக் காட்டிக்கொண்டு போனேன், போனில் குரலைப் பதிவுசெய்தேன். ஒவ்வொரு படமாகக் காட்டினால் பெயர்தான் சொல்கிறாள், வரிசையாகக் காட்டினால்தான் பேச ஆரம்பிக்கிறாள். ஒரு படத்தில் எனக்கு வெறும் மூடிய கதவு தெரிந்தது. அவள் அதைப் பார்த்து அரைமணி நேரம் பேசினாள். உன் சித்தி இன்னும் தெளிவாக இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, ஸ்கேன் முடியட்டும் என்று காத்திருக்காதே. பாதியில் இருக்கும்போதே போய் உட்கார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பழைய முகங்களைத் தெளிவாக்கித் தருகிறோம் என்று இப்போது செயலிகள் வந்திருக்கின்றன. மங்கலான ஒரு படத்தை அதில் போட்டு மகன் எனக்கு அனுப்பினான். கண் பளிச்சென்று இருந்தது, இமை முடி எண்ணலாம் போல இருந்தது. ஆனால் அது என் அப்பாவின் கண் இல்லை. ஃபிலிமில் இல்லாததை அது எங்கிருந்தோ கொண்டுவந்து நிரப்புகிறது. நிறம் மங்கியதைச் சரிசெய்யலாம், சிவந்துபோனதைக் கொஞ்சம் மீட்கலாம், அதையும் பிரதியில்தான் செய்ய வேண்டும். அம்மா எடுத்த படம் ஆடியிருந்தால் ஆடியே இருக்கட்டும். மூலத்தை ஒருபோதும் மாற்றாதே.

பிரதிகள் மூன்று வைத்திருக்கிறேன்: கணினியில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று, தம்பி வீட்டில் ஒன்று. நெகடிவ்கள் திரும்பவும் டப்பாவுக்கே போய்விட்டன, புதிய காகித உறைகளில், ஈரம் படாத அலமாரியில்.

என் செய்தி வேறு என்ன? மகளுக்கு வேலை மாற்றல் வந்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறாள். வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்று இப்போதே இருக்கிறது. முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி மட்டும் இன்னும் கஷ்டம். உனக்குக் கண் முழுவதும் சரியானதும் பெட்டியோடு இங்கே வா. ஸ்கேனரைத் திருப்பிக் கொடுக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, முதல் ரோல்களைச் சேர்ந்தே செய்வோம்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். 38ஆவது ரோல், 11ஆவது ஃபிரேம், இதுவரை பிரிண்ட் ஆகாதது. பள்ளிச் சீருடையில் நீயும் நானும், எனக்குக் கண் மூடியிருக்கிறது, அதனால்தான் அப்பா விட்டிருப்பார். நமக்குப் பின்னால் மதில்மேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு ஒரு பெண் இருக்கிறாளே, ரிப்பன் அவிழ்ந்து தொங்குகிறது. அத்தைக்கும் தெரியவில்லை, எனக்கும் பெயர் வரவில்லை. உனக்குத் தெரிகிறதா? உடனே எழுது.

உன் அன்புத் தோழி