காப்பீட்டு முகவரின் பெட்ரோல் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் பருவம் வந்துவிட்டால், மாதச் சம்பளக்காரர்களுக்கான ஆலோசனைகள் நாளிதழ்களில் வரிசையாக வருகின்றன. இரு சக்கர வாகனத்தில் ஊர் ஊராக அலைந்து பாலிசி சேர்த்து, கமிஷனில் குடும்பம் நடத்தும் ஆயுள் காப்பீட்டு முகவர்களின் பயணச் செலவைப் பற்றி எழுதுவார் இல்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சிறு வணிகர்கள் விரிவான கணக்குப் புத்தகம் வைக்காமலே, மொத்த விற்பனையில் 8 சதவீதத்தை, பணம் வங்கி வழியாக வந்திருந்தால் 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டலாம். மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். மறுபாதிக்கு யாரும் ரசீது கேட்பதில்லை. கமிஷனும் தரகும் பெறுவோருக்கு இந்த இரண்டு திட்டங்களிலும் இடமில்லை. கல்லாவை விட்டு எழாத மளிகைக் கடைக்காரருக்கு உள்ள வசதி, ஒரு பிரீமியத்துக்காக ஒரே வீட்டு வாசலில் மூன்று முறை போய் நிற்கும் முகவருக்கு இல்லை. (கடைக்காரர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் என் பாலிசிதாரர்.)

முகவர்களுக்கென ஒரு தளர்வு இருக்கத்தான் செய்கிறது. ஆண்டுக் கமிஷன் 60,000 ரூபாய்க்குள் இருந்து, விரிவான கணக்கும் வைக்காதவர்கள், முதலாண்டுக் கமிஷனில் 50 சதவீதமும் புதுப்பிப்புக் கமிஷனில் 15 சதவீதமும், மொத்தம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டது. அது 1990களின் தொடக்கத்தில். அன்று 60,000 என்பது நல்ல வருமானம். இன்று மாதம் 5,000 ரூபாய் கமிஷன் வாங்குபவரே அந்த வரம்பைத் தொட்டுவிடுகிறார்.

அதைத் தாண்டியவர் பில் வைத்தாக வேண்டும். சென்ற ஆண்டு பங்க்கில் வாங்கிய பில்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். மார்ச் மாதம் திறந்து பார்த்தபோது, ஏப்ரல், மே மாதத்துச் சீட்டுகளில் எழுத்தே இல்லை. வெறும் வெள்ளைத் தாள்கள். அதன் பிறகு வண்டியின் டிக்கியில் ஒரு நாற்பது பக்க நோட்டைப் போட்டு, தேதி, ஊர், மீட்டர் எண் மூன்றையும் அன்றன்றே குறித்து வருகிறேன். பெட்ரோலுக்கும் கைப்பேசி வழியாகவே பணம் செலுத்துகிறேன். பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட தூரமும் அந்த நோட்டில் தனியாக உண்டு, ஏனெனில் சொந்த உபயோகத்துக்கு உரிய பங்கைச் செலவிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது சட்டம்.

சக முகவர்கள் தவறும் இடங்கள் சில உண்டு. வண்டிக் கடனின் மாதத் தவணை முழுவதையும் செலவாக எழுதுகிறார்கள். கடனுக்கான வட்டி மட்டுமே செலவு. வண்டியின் விலைக்கு ஆண்டுதோறும் 15 சதவீதத் தேய்மானம்தான் உண்டு. 90,000 ரூபாய் வண்டிக்கு முதலாண்டு 13,500 ரூபாய், அடுத்த ஆண்டு மீதமுள்ள மதிப்பில் 11,475 ரூபாய். முதலாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அந்த ஆண்டுக்குப் பாதிதான். இதில் நானே ஏமாந்தேன். சீட்டு எடுத்த 30,000 ரூபாயை ஷோரூமில் ரொக்கமாகக் கட்டிவிட்டேன். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை தேய்மானம் கணக்கிடும் வண்டி விலையில் சேராது என்ற விதி பின்னர்தான் எனக்குத் தெரிந்தது.

புதிய வரி முறையில் கழிவுகளே கிடையாது என்று நம்பி, வரவு வைக்கப்பட்ட கமிஷன் முழுவதையும் வருமானமாகக் காட்டுவோரும் இருக்கிறார்கள். அந்த முறையில் விலக்கப்பட்டவை பெரும்பாலும் சேமிப்பு, வீட்டு வாடகை சார்ந்த சலுகைகள். தொழிலுக்காகச் செய்த செலவு எந்த முறையிலும் கழிக்கத் தக்கதே.

பிரிட்டனில் சுயதொழில் செய்வோர், விரும்பினால், மோட்டார் சைக்கிளுக்கு மைலுக்கு 24 பென்ஸ் என்று ஒரே கணக்காக எழுதிவிடலாம். பெட்ரோலையும் தேய்மானத்தையும் தனியே கோர முடியாது. நம் சட்டத்துக்கும் இது அந்நியமன்று. சிறிய சரக்கு வாகனம் வைத்திருப்பவரின் வருமானத்தை வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் என்றுதானே கணக்கிடுகிறது? அதுபோல, கமிஷன் பெறுவோரின் இரு சக்கர வாகனத்துக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாரியம் ஒரு தொகையை நிர்ணயித்து, பயண நோட்டை மட்டும் சான்றாக ஏற்க வேண்டும். அதற்குக் காலம் ஆகுமெனில், அந்தப் பழைய 60,000 ரூபாய் வரம்பையாவது இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி ஒரு சுற்றறிக்கை வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஆயுள் காப்பீட்டு முகவர் ஒருவர்,
அறந்தாங்கி.