அமீர் எங்கே மீண்டான்? மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மருமகளுக்கு,

ஆப்கானிஸ்தானில் தொடங்கும் காலித் ஹுசைனியின் ‘தி கைட் ரன்னர்’ நாவலைப் பற்றிக் கல்லூரிக் கருத்தரங்குக்காக நீ எழுதிய கட்டுரையை நிதானமாகப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறாய். ஆனால் வேலைக்காரர் வீட்டில் வளர்ந்த நண்பன் ஹசனுக்குச் சிறுவயதில் அமீர் செய்த துரோகத்தின் பாவம், பல வருடம் கழித்துக் காபூலில் பழைய எதிரி ஆசெஃப் பித்தளை முட்டி மாட்டிய கையால் அவன் விலாவையும் தாடையையும் உடைக்கும் இடத்தில் கழிந்துவிடுகிறது என்று எழுதி, மற்ற எல்லாவற்றையும் அதன் மேல் ஏற்றி வைத்திருக்கிறாய். அங்கே கழியவில்லை என்பது என் வாதம். உன்னோடு படிக்கிறவர்களும் படிக்கட்டும் என்று நீ சொன்னதால் இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

உன்மேல் குறை சொல்வதற்கில்லை. மதுரையில் வளர்ந்தவர்களுக்குப் பழி என்பது ஓரிடத்தில், ஒரு நொடியில் தீர்வதாகத்தான் மனத்தில் பதிந்திருக்கும். திருவிளையாடற் புராணம் தொடங்குவதே இந்திரன் பழி தீர்த்த படலத்தோடுதான். குருவாக ஏற்றுக்கொண்ட விசுவரூபனையும் பிறகு விருத்திராசுரனையும் கொன்ற பழி துரத்த அலைந்தவனுக்குக் கடம்பவனத்தை நெருங்கியதுமே பாரம் இறங்கிவிடுகிறது. சுந்தரேசுவரர் சன்னதியின் விமானத்துக்கு இந்திர விமானம் என்ற பெயர் அப்படி வந்தது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கதை வேறு வகை. கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும், தானே கள்வன் என்று சொல்லி, அரியணையிலிருந்து விழுந்து உயிரை விட்டுவிடுகிறான். காப்பியத்துக்கு அது போதும். ஒரு சிறுவன் வளர்ந்து ஆளாவதைச் சொல்லும் நாவலில் அந்த வசதி கிடையாது. 1975ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அமீருக்குப் பன்னிரண்டு வயது. அதன்பிறகு அவன் நாடு விட்டு ஓட வேண்டும், கலிஃபோர்னியாவில் பிழைக்க வேண்டும், அப்பாவைப் புதைக்க வேண்டும், கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், எழுத்தாளனாக வேண்டும். இத்தனையையும் அந்தக் குளிர்காலத்தில் ஒரு சந்தில் தான் பார்த்ததை மனத்தில் வைத்துக்கொண்டே செய்தாக வேண்டும்.

துரோகத்தைப் பற்றிய பகுதியில் நீ அந்தச் சந்தில் நடந்ததை மட்டுமே விரிவாகப் பேசியிருக்கிறாய். அறுந்து விழுந்த நீலப் பட்டத்தைத் தனக்காகப் பிடித்துவந்த ஹசனை ஆசெஃப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கும்போது அமீர் ஒளிந்து நின்று பார்த்துவிட்டு ஓடிப்போகிறான். அது பயம், பன்னிரண்டு வயதுப் பையனின் பயத்தை நான் மன்னித்துவிடுவேன். அதற்குப் பின்னால், தன் பிறந்தநாளுக்கு வந்த கைக்கடிகாரத்தையும் பணக்கட்டையும் எடுத்துக்கொண்டு போய் ஹசனின் மெத்தைக்கு அடியில் வைக்கிறானே, அதுதான் என்னால் ஜீரணிக்க முடியாத இடம். திருட்டு ஒன்றுதான் பாவம், மற்றப் பாவங்கள் எல்லாம் அதன் வேறு வடிவங்கள் என்று அப்பாவிடம் பாடம் கேட்டு வளர்ந்தவன், அந்தப் பாடத்தையே ஆயுதமாக்குகிறான். ஹசனோ, செய்யாத திருட்டைச் செய்ததாக ஒப்புக்கொண்டு அமீரை இன்னொரு முறை காப்பாற்றுகிறான்.

இந்த இரண்டுக்கும் இடையில் மாதுளைக் காட்சி வருகிறது; உன் கட்டுரையில் அதற்கு ஒரு வரிதான் கொடுத்திருக்கிறாய். குன்றின் மேல் அமீர் மாதுளம்பழங்களை ஹசன் மீது எறிந்து, திருப்பி அடி, அடி என்று கத்துகிறான். ஹசன் ஒரு பழத்தை எடுத்துத் தன் நெற்றியிலேயே உடைத்துக்கொண்டு, இப்போது திருப்தியா என்று கேட்கிறான். அமீருக்கு அன்றைக்கே தண்டனை வேண்டியிருந்தது, ஆனால் ஹசனுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதற்காக அல்ல, தன் நெஞ்சு லேசாக வேண்டும் என்பதற்காக. ஆசெஃபிடம் அடிபடும்போது அவன் சிரிக்கிறான் என்பதை நீ கவனித்திருக்கிறாய். ஏன் சிரிக்கிறான் என்று யோசித்துப் பார். குன்றின் மேல் கேட்டுக் கிடைக்காத அடி இப்போதுதான் கிடைக்கிறது. ஹசனின் பிளவுபட்ட உதடு இருந்த இடத்திலேயே அமீரின் மேலுதடும் கிழிகிறது என்பது ஆசிரியர் போடும் கணக்கு. எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே கச்சிதமாகப் பட்டது. சின்ன வயது வில்லனே தாலிபான் அதிகாரியாகத் திரும்பி வருவதும் அப்படித்தான். நம் ஊர்த் தியேட்டரில் இடைவேளைக்குப் பிறகு வரும் சண்டைக்கு விசில் பறக்குமே, அந்தத் திருப்தியைத்தான் நீயும் மீட்சி என்று எடுத்துக்கொண்டாயோ என்று தோன்றுகிறது.

அந்தத் துரோகம் எப்படிச் சாத்தியமாயிற்று என்ற கேள்வி உன் கட்டுரையில் இல்லை. அமீர் ஆப்கானிஸ்தானில் மேலாதிக்கம் கொண்ட பஷ்தூன் இனம், சுன்னி; ஹசன் அங்கே தாழ்வாக நடத்தப்படும் ஹசாரா இனம், ஷியா. இருவரும் ஒரே செவிலித்தாயிடம் பால் குடித்தவர்கள். ஆனாலும் காலையில் ஹசன் அமீரின் காலணிக்குப் பாலிஷ் போட்டு, உணவு எடுத்து வைக்க, அமீர் பள்ளிக்கூடம் போவான். ஹசனுக்கு எழுத்து வாசனையே கிடையாது. சந்தில் நின்றபோது தன் மனத்தில் ஓடியதையும் அமீரே சொல்லிவிடுகிறான்: அவன் வெறும் ஹசாராதானே. இது நமக்குப் புரியாத ஏற்பாடு அல்ல. நான் சிறுவனாக இருந்தபோது சோழவந்தான் பக்கம் சொந்தக்காரர் வீடொன்றில் பார்த்திருக்கிறேன். வீட்டுப் பையனும் பண்ணையாள் மகனும் அறுப்பு முடிந்த வயலில் பொழுதுக்கும் ஒன்றாகப் பட்டம் விடுவார்கள். தாகமெடுத்தால் ஒருவன் அடுப்படிக்குப் போய்ச் செம்பில் மொண்டு குடிப்பான். மற்றவன் மாட்டுக்கொட்டத்தின் ஓரம் குனிந்து நின்று இரண்டு கைகளையும் வாயருகே குவிப்பான், அந்த வீட்டு அம்மாள் கை படாமல் மேலிருந்து ஊற்றுவார். யாரும் யாரையும் திட்டியதில்லை. அந்தத் தண்ணீரைத் தினமும் பார்த்து வளரும் பையனுக்கு, தன் நண்பனைக் கைவிட வேண்டிய நாளில் காரணம் ஒன்றைப் புதிதாகத் தேட வேண்டியிருக்காது.

அதனால்தான் அமீருடைய அப்பாவின் நண்பர் ரஹீம் கான் பின்னாளில் சொல்லும் ரகசியத்தில் எனக்கு மனக்குறை உண்டு. ஹசன் அமீரின் அப்பாவுக்கே பிறந்தவன், ஆகவே ஹசனின் மகன் சொஹ்ராப் தனக்குச் சகோதரன் பிள்ளை என்று தெரிந்த பிறகே அவனை மீட்க அமீர் காபூலுக்குக் கிளம்புகிறான். வெறும் வேலைக்காரரின் பேரனாக இருந்திருந்தால் போயிருப்பானா? நாவல் அந்தக் கேள்வியைத் தொடாமல் நழுவிவிடுகிறது. ஆனால் அந்த ரகசியம் அப்பாவையும் குற்றவாளியாக்குகிறது. அநாதை இல்லம் கட்டியதும் இல்லாதவர்களுக்கு அள்ளிக் கொடுத்ததும் எதனால் என்று அப்போதுதான் விளங்குகிறது. அவர் கொடுத்ததெல்லாம் ஊருக்குத் தெரிந்தது, பெற்ற மகனை மகன் என்று சொல்வது மட்டும் சாகும்வரை அவரால் முடியவில்லை.

சொஹ்ராபை மீட்டுக்கொண்டு போன பிறகு இஸ்லாமாபாதில் என்ன நடக்கிறது பார். இனி ஒருபோதும் அநாதை இல்லத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று சொஹ்ராபுக்குச் சத்தியம் செய்துகொடுத்தவன், வழக்கறிஞர் சொன்ன யோசனையைக் கேட்டு, கொஞ்ச நாளைக்குத்தான் என்று அதையே அவனிடம் பேசுகிறான். பிள்ளை குளியலறையில் மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். ஆசெஃபிடம் வாங்கிய அடி பாவத்தைக் கழுவியிருந்தால் இந்த இரண்டாவது வாக்குமீறல் வந்திருக்காது. நல்ல எண்ணத்தோடும் துரோகம் செய்யலாம் என்று காட்டும் இந்தப் பகுதிதான் நாவலின் மிக நேர்மையான பகுதி என்பேன்.

பிறகு அமெரிக்கா, மாதக்கணக்கில் வாய் திறக்காத பிள்ளை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மாமனார் ஜெனரல் தாஹிரி, தன் மகள் வீட்டில் ஒரு ஹசாராப் பையன் ஏன் இருக்கிறான் என்று ஊரார் கேட்டால் என்ன சொல்வது என்கிறார். என் அப்பா வேலைக்காரரின் மனைவியோடு உறவு வைத்திருந்தார், அதில் பிறந்தவன் ஹசன், அவன் மகன் இவன் என்று அமீர் நேராகச் சொல்கிறான். இனி என் முன்னால் இவனை ஹசாராப் பையன் என்று சொல்லாதீர்கள், இவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்றும் சொல்கிறான். மானத்தையும் வம்சப் பெருமையையும் உயிராக நினைக்கும் மாமனாரிடம், அப்பாவின் மானத்தையும் சேர்த்துக் கொடுத்து வாங்கிய வாக்கியம் அது. காபூலில் வாங்கிய அடியில் உடம்புதான் நொந்தது. இங்கே தன் சாதிசனத்துக்கு முன்னால் தன் இடத்தையே பணயம் வைக்கிறான். முதலில் ரத்த உறவைத்தான் சொல்கிறான் என்பதையும் நான் மறைக்கவில்லை. இருந்தாலும் எனக்கு அமீர் மீண்ட இடம் இந்தச் சாப்பாட்டு மேசைதான். உன் கட்டுரையில் இந்தக் காட்சியே இல்லை.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். வளர்ந்த பிறகு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட ஹசன், அமீருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறான். அது அமீர் கைக்கு வரும்போது ஹசனைத் தாலிபான்கள் சுட்டுக் கொன்று விட்டிருக்கிறார்கள். அதில் ஒரு சொல் குற்றச்சாட்டு இல்லை. வாசிக்கும்போது கண் கலங்கினாலும், ஹசனுக்குக் கோபப்படும் உரிமையை ஆசிரியர் ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. ஏவலுக்கு நிற்கிறவன் கடைசிவரை நல்லவனாகவே இருந்தால்தான் எஜமானின் பிள்ளைக்கு மன்னிப்பு எளிதாகிறது. நீ இதில் என்னோடு முரண்படுவாய் என்று நினைக்கிறேன். முரண்பட்டால் காரணத்தோடு எழுது. கருத்தரங்குக்கு முன் கட்டுரையைத் திருத்த நேரமிருந்தால், மாதுளைக் காட்சியிலிருந்து தொடங்கு.

அன்புடன்,
மாமா