வந்த சூடு யாருடையது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தப்பு மெஷின்மேல் இல்லை என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். "புரதத்தின் வடிவத்தைக் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது, அதற்கு 2024இல் நோபலும் கொடுத்தாயிற்று, நீ இன்னும் லேபில் என்னதான் செய்கிறாய்?" என்கிறாய். அந்த ஆல்ஃபாஃபோல்ட் புரோகிராமை நானும் தினம் பார்க்கிறவன்தான். வடிவத்தைப் பார்க்கப் புரதப் படிகம் வளருமா வளராதா என்று நாம் மாதக்கணக்கில் காத்துக் கிடந்ததை நினைத்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகள்மேல் பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் ஒரு மூலக்கூறு அந்தப் புரதத்தோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது, ஒட்டும்போது எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்பதையெல்லாம் நம்பிக்கையோடு சொல்ல, இன்னமும் கலந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்குத்தான் ஐடிசி என்கிற, ஒட்டும்போது எழும் வெப்பத்தை அளக்கும் மெஷின். சின்னக் கலம் ஒன்றில் புரதக் கரைசல், பக்கத்துக் கலத்தில் வெறும் தண்ணீர். சிரிஞ்ச் நம் மூலக்கூறை இரண்டிரண்டு மைக்ரோலிட்டராக விட்டுக்கொண்டே இருக்கும். ஒட்டும்போது சூடு எழும். இரண்டு கலங்களையும் ஒரே வெப்பநிலையில் வைத்திருக்க மெஷின் எவ்வளவு மின்சக்தியைக் கூட்டிக் குறைக்கிறது என்பதுதான் கிராஃப். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு பீக். புரதத்தில் இடம் நிரம்ப நிரம்ப பீக் சிறுத்து, கடைசியில் அடங்கிவிடும். எல்லாம் மைக்ரோகலோரி சமாச்சாரம்.

எங்களுக்கு வந்த பீக்குகள் அப்படிப் பெரிதாக இருந்தன! ஆனால் கடைசிவரை சிறுக்கவே இல்லை. அங்கேயே உறைத்திருக்க வேண்டும். "பலவீனமாக ஒட்டுகிறது, இன்னும் நிரம்பவில்லை" என்று நானே ஒரு விளக்கம் சொல்லி, சிரிஞ்சில் செறிவைக் கூட்டச் சொன்னேன். பீக்குகளும் பெரிதாயின. எனக்கோ ஏக சந்தோஷம்.

ஒரு நாள் மாலை, சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத மாணவி ஒருத்தி, புரதமே இல்லாத வெறும் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல், புரதத்தை அதில்தான் வைப்போம்) அதே சொட்டுகளை விட்டிருக்கிறாள். அதே பீக்குகள்! விஷயம் இதுதான்: எங்கள் மூலக்கூறு தண்ணீரில் கரையாது, டிஎம்எஸ்ஓ என்கிற கரைப்பானில் கரைத்துத்தான் பஃபரில் சேர்ப்போம். சிரிஞ்சில் ஐந்து சதவீதம் டிஎம்எஸ்ஓ, கலத்தில் துளியும் இல்லை. அது தண்ணீரோடு கலக்கும்போதே நன்றாகச் சூடு தரும். செறிவைக் கூட்டியபோது டிஎம்எஸ்ஓவையும் சேர்த்தே கூட்டியிருக்கிறோம். மெஷின் சூட்டை அளக்கும், யாருடைய சூடு என்று சொல்லாது. அந்த வெறும் பஃபர் சோதனையை முதல் நாளே செய்யச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். அவசரத்தில் விட்டுவிட்டேன்.

நீ சிரிப்பது கேட்கிறது. உப்பு போட்ட பஃபரில் சிடி (புரதம் மடிந்திருக்கிறதா என்று ஒளியை விட்டுப் பார்க்கும் சோதனை) எடுத்து, 200 நானோமீட்டருக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, விளக்கு பழுது என்று புகார் எழுதியது யாரென்று யோசித்துப் பார். குளோரைடு ஒளியை விழுங்கியதற்கு விளக்கு என்ன செய்யும், பாவம்!

அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். புரதத்தை இரவெல்லாம் டயாலிசிஸில், அதாவது சவ்வுப் பையில் கட்டி பஃபரில் ஊறவைத்து, வெளியே இருந்த அதே பஃபரிலேயே மூலக்கூறையும் கரைத்து, இரண்டு பக்கமும் டிஎம்எஸ்ஓவைச் சமமாக்கினோம். சிடியில் 208, 222 நானோமீட்டரில் வர வேண்டிய இரண்டு பள்ளங்களும் ஒழுங்காக இருந்தன, புரதம் குலையவில்லை. நேற்று வந்த பீக்குகள் பழையதில் கால்வாசிகூட இல்லை. ஆனால் பத்தாவது சொட்டுக்கு மேல் சிறுக்க ஆரம்பித்தன. வெறும் பஃபரில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இன்னும் இரண்டு தடவை இதேபோல வந்தால்தான் வெளியே சொல்வேன். உனக்கு மட்டும் இப்போதே சொல்லிவிட்டேன்.

கண் ஆபரேஷன் எப்போது என்று எழுது. நாளை விடிகாலை பஃபர் மாற்றுவது என் முறை, போய்த் தூங்குகிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்